மீனெண்ணெய் குடித்த கிடார்

ஜூலை 8, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும், இந்த வரியோடு மூடிவிடுங்கள். முடியாது, படித்துத்தான் ஆவேன் என்றால் படியுங்கள், ஆனால் யாருக்கும் காட்டாதீர்கள். பாஸ்டர் ஐயாவுக்கு வேண்டாம். டீச்சருக்கு வேண்டாம். எங்கள் அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன். நான் இன்னும் பிளஸ் டூ கூடப் போகவில்லை.

இன்றைக்கு அம்மாவுக்கு அடி. என் கூடப்பிறந்த டிக்சன் அண்ணனோடு அவள் போனில் பேசியதை அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அடிக்கு ஒரு முறை இருக்கிறது. அப்பா முதலில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவார். முன்கதவைத் தாழ் போடுவார். கடைசியாக ஸ்பீக்கரில் கீர்த்தனையைச் சத்தமாக வைப்பார். எதிர்த்தாற்போல் மளிகைக்கடை வைத்திருக்கிற சிவபாலன் அண்ணாச்சி, சுந்தர்சிங் சார் வீட்டில் ஜெபம் நடக்கிறது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவும் சத்தம் போடமாட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

அதே கீர்த்தனையைக் கோயிலில் பாடும்போது நான் வாயை மட்டும் அசைக்கிறேன்.

இப்போது ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் பாய்ச்சுருள் நிற்கிறது. அதற்குள் அண்ணனுடைய கிடாரின் கழுத்து இருக்கிறது. உடம்பு இல்லை. உடம்பை மே மாதம் அப்பா உடைத்துவிட்டார்.

அண்ணன் கடற்கரைப் பையன்களோடு சேர்ந்து கல்யாண வீடுகளில் வாசித்தான். அது தெரிந்த அன்று, பின்பக்கம் துணி துவைக்கிற கல்மேல் கிடாரைப் போட்டு, அரிவாளின் பின்பக்கத்தால் இரண்டு போடு. கரண்ட் கிடார், ஒட்டுப்பலகை உடம்பு, நாலாகப் பிளந்தது. தடுக்கப் போன அண்ணனுக்கு முழங்கையில் விழுந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. அன்றைக்கே போய்விட்டான். இப்போது கோயம்புத்தூரில் ஏதோ கடையில் இருக்கிறான்.

அப்பா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: “இனி இந்த வீட்டுக்குள்ள கிடாருன்னு ஒண்ணப் பாத்தேன், தொட்ட கைய இதே கல்லுல வச்சி வெட்டுவேன்.”

அப்பா சொன்னதைச் செய்யாமல் விட்டது கிடையாது.

துண்டுகளை எரிக்கச் சொன்னார். நான் எரித்தது வேறு விறகு.


ஜூலை 11

அம்மாவுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. கூப்பிட்டால் தலையைத் திருப்பிக் காட்டுகிறாள்.


ஜூலை 13, ஞாயிறு

கோயிலில் அப்பா தனிப்பாட்டு. பக்கத்தில் இருந்த அக்கா அம்மாவிடம், “எப்பிடித்தான் பாடுதாரோ, கண்ணுல தண்ணி வருது. நீங்க குடுத்து வச்சவிய” என்றாள். அம்மா கேட்காத காதைக் காட்டிச் சிரித்தாள்.

மத்தியானம் அப்பா சபைக் கமிட்டிக்குப் போனபிறகு உடைந்த துண்டுகளைச் செய்தித்தாளில் பரப்பி ஒன்றோடு ஒன்று சேர்த்தேன். ஒரு மூலை இல்லை. மற்றபடி முழு உருவமும் வந்துவிட்டது. சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். கழுத்து உட்காருகிற பள்ளம் மட்டும் உடையாமல் அப்படியே இருக்கிறது. நாலு திருகாணிதான் கழுத்தையும் உடம்பையும் பிடித்திருந்தது. அப்படியென்றால் இன்னொரு உடம்பு செய்தால் இதே கழுத்து அதில் உட்காரும். கம்பி கோக்கிற இரும்புத் தகடு, கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப், ஒயர் எல்லாம் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன.

யாருக்காகச் செய்யப் போகிறேன்? அண்ணனுக்காக. முழுக்க அப்படியும் இல்லை. அப்பா உடைத்தது உடைந்ததாகவே கிடக்கக் கூடாது. அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டேன்.


ஜூலை 19, சனி

ரெமியிடம் சொல்லிவிட்டேன். ரெமிஜியா, என் கிளாஸ், கடற்கரையில் திரேஸ்புரத்துக்காரி. அவளிடம் சொல்லாமல் முடியாது, மரம் அவளிடம்தான் இருக்கிறது.

அவர்கள் வள்ளம் முயல்தீவுக்கு அந்தப் பக்கம் கடலடிப் பாறைப் பாரில் இடித்து அடி உடைந்துபோய், வீட்டுக்குப் பின்னால் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். நான் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்பாக, கனமாக இருந்தது. தட்டினால் பெட்டியைத் தட்டியது போல் இல்லை, கல்லைத் தட்டியது போல் இருந்தது.

“ஏளா, இதையா? இது விறகுக்கே ஆகாது. வருசா வருசம் மீனெண்ணெ பூசி பூசிக் குடிச்சிருக்கு. எரிச்சா தெருவே நாறும்” என்றாள் ரெமி.

“கிடாருக்கு ஆகுமா?”

“ஆகும். வாசிச்சா நெத்திலி வந்து ஆடும்.”

ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். சிரிக்கும்போது விலாவில் வலித்தது.

வீட்டில் கெமிஸ்ட்ரி ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருக்கிறேன்.


ஜூலை 24, வியாழன்

ரம்பம் உள்ளே இறங்க மறுக்கிறது. எண்ணெய் பிசுபிசுவென்று பல்லில் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் அறுக்க வேண்டும், துணியால் துடைக்க வேண்டும், மறுபடி அறுக்க வேண்டும். நடுவில் பழைய செம்பாணி ஒன்று இருந்தது தெரியவில்லை. கிரீச் என்று ரம்பத்தின் பல் இரண்டு தெறித்து ரெமியின் கன்னத்தில் கீறியது. அவள் துடைத்துவிட்டு, “எங்கம்மைட்ட பூனைன்னு சொல்லிக்கிடுதேன்” என்றாள்.

அறுக்கும்போது ஒன்று கண்டுபிடித்தேன். எனக்குக் கோபம் வருகிறது. இவ்வளவு நாளும் பயம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ரம்பத்தை இழுக்க இழுக்க, கோடு போட்ட இடத்தில் அப்பாவின் கழுத்து

இதை அடித்துவிட வேண்டும். இயேசப்பா மன்னிக்கணும்.

அடிக்கவில்லை. இருக்கட்டும்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா, பள்ளிக்கூடம் லீவு. அப்பாவுக்கு ஆபீஸ் உண்டு. ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்ல முடியாத நாள். அம்மாவிடம் “போயிட்டு வாரேன்” என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. “நாலு மணிக்குள்ள வந்துரு” என்றாள்.

போன வாரம் ஒட்டிய பலகைகள் பிரிந்து கிடந்தன. ஒரு பலகையில் அகலம் போதாது என்று இரண்டைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பசை போட்டிருந்தேன். எண்ணெய் குடித்த மரத்தில் பசை எங்கே பிடிக்கும்? உரித்தால் ஆடைபோல வந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். ரெமி திருவிழாவுக்குப் புதுப் பாவாடை கட்டியிருந்தாள். அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வள்ளத்துல யாரு பசை போடுதா? ஆணிதான். இங்கன பாரு.”

இரண்டு பலகையை நீளவாக்கில் வைத்து, மேலே இரண்டைக் குறுக்காக வைத்தோம். வள்ளத்திலிருந்து பிடுங்கிய செம்பாணிகளை நிமிர்த்தி, ஊடே அடித்து, மறுபக்கம் வந்த முனையை மடக்கித் தட்டினோம். ஒவ்வொரு அடிக்கும் கோயில் கொட்டுச் சத்தம் எங்களை மூடிக்கொண்டது. எங்கள் வீட்டில் கீர்த்தனை செய்கிற வேலையை இங்கே கொட்டு எங்களுக்குச் செய்தது.

பிறகு கோட்டின்மேல் வெட்டி, உளியால் கழுத்துக்குப் பள்ளம் எடுத்தேன். பழைய துண்டின் பள்ளத்தை வைத்து வைத்துப் பார்த்து, உமி உமியாகத்தான் எடுக்க முடிகிறது.


ஆகஸ்ட் 9

சோப்புத்தூள், எலுமிச்சை, புளி. எதற்கும் கைநாற்றம் போகவில்லை.


ஆகஸ்ட் 14, வியாழன்

முதுகில் சாய்ந்து உட்கார முடியவில்லை, குப்புறப் படுத்து எழுதுகிறேன்.

சாயந்தர ஜெபத்தில் எல்லாரும் கை கோத்துக்கொள்வோம். அப்பா என் கையைப் பிடித்தவர் ஆமென் சொன்ன பிறகும் விடவில்லை. மூக்குக்கிட்டே கொண்டுபோனார். மோந்தார். நகத்துக்கடியில் மோந்தார்.

“கடக்கர நாத்தம்” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜன்னல். தாழ். கீர்த்தனை.

“யாருளா அவன்?”

யார் என்று எனக்குப் புரியவே இல்லை. பிறகு புரிந்தது. மீன்காரப் பையன் ஒருவனோடு நான் பழகுகிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லாத பையனுக்கு நான் என்ன பெயர் சொல்ல? பெல்ட்டின் இரும்புக் கொக்கி முதுகில் விழும்போதெல்லாம் யோசித்தேன், கிடாரைச் சொல்லிவிடலாமா? சொன்னால் கை போகும். சொல்லாவிட்டால் முதுகு. முதுகு ஆறிவிடும். சொல்லவில்லை.

“பேரச் சொல்லு. பேர மட்டும் சொல்லு, வுட்டுருதேன்.”

அம்மா நடுவில் வந்தாள். அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். சுவரில் மாட்டியிருந்த வசனக் காலண்டர் கீழே விழுந்தது. அதை மட்டும் குனிந்து எடுத்து, தூசு தட்டி, மறுபடி மாட்டினார்.

இனி பள்ளிக்கூடம் கிடையாதாம். டி.சி. வாங்கப் போகிறாராம்.


ஆகஸ்ட் 18, திங்கள்

அப்பா வண்டிப் பெட்டியில் அரிவாளை வைத்துக்கொண்டு திரேஸ்புரம் பக்கம் சுற்றுகிறார். யாரைத் தேடுகிறார்? யாரையாவது வெட்டிவிட்டால்? நான் வாயைத் திறக்காததால் ஒன்றும் தெரியாத ஒருத்தன் சாகவா?

சொல்லிவிடணும். சொல்லிவிடணும். நாளைக்குச் சொல்லிவிடணும்.

மத்தியானம் பின்பக்கச் சுவரில் தலை தெரிந்தது. ரெமி. சாக்கைச் சுவர்மேல் ஏற்றிவைத்தாள். “சுதா, எங்கம்மை பயந்துபோச்சு. உங்கப்பா எங்க தெருவுல வந்து ஒவ்வொரு பயலா முறைச்சிப் பாக்காராம். இத வீட்டுல வைக்கக் கூடாதுன்னுட்டு. கோவப்படாதே.”

நான் போவதற்குள் அம்மா போய்ச் சாக்கை வாங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கழுத்தில்லாத அந்தக் கறுப்பு உடம்பை ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் முதுகில் இருக்கிற ஒவ்வொரு வரியும் எதற்காக என்று.

“நாறுது” என்று மட்டும் சொன்னாள். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஓலைக்கடியில் வைத்தாள்.


ஆகஸ்ட் 22, வெள்ளி

அப்பா ஆபீஸ் போனதும் அம்மா தெரு ஜன்னலில் நின்றாள். காவலுக்கு. நான் கேட்கவில்லை, அவளாக நின்றாள்.

கழுத்தைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். டக் என்று உட்கார்ந்தது. திருகாணிகளை முறுக்கினேன். தகடு. பிக்கப். ஒவ்வொரு கம்பியாக மாட்டி முறுக்கினேன். ஒயர் எதிலும் சொருகவில்லை, சத்தம் வீட்டைத் தாண்டாது. ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் என் வயிற்றில், விலாவில், அடிபட்ட இடத்தில் எல்லாம் அதிர்ந்தது. வலிக்கவில்லை.

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பாமல், “இன்னொருக்கத் தட்டு” என்றாள்.

அண்ணனுக்குப் போன் போட்டோம். போனைக் கிடார்மேல் வைத்து வாசித்தேன். கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு, “ஏளா, எங்கன கெடச்சுது இந்த மரம்?” என்றான். அழுதிருக்கிறான். மூக்கை உறிஞ்சினான். வாரேன் என்றான். வந்தால் கதவை எப்படித் தட்டுவான் என்று கேட்டேன். “எப்பவும் போலத்தான்.” இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. அண்ணன் மட்டும்தான் எங்கள் வீட்டில் கதவைத் தட்டுவான். அப்பா உதைப்பார்.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

மொட்டைமாடியில் பூனைகள். ஒன்றிரண்டு இல்லை, தெருவில் இருக்கிற எல்லாம். வெயிலில் மரம் எண்ணெயைக் கக்கியிருக்கிறது. ஓலையைச் சுற்றி உட்கார்ந்து நக்குகின்றன. விரட்டினால் போய்விட்டுத் திரும்பி வருகின்றன.

அப்பா சாப்பிடும்போது தலையைத் தூக்கி, “மாடியில என்ன சத்தம்?” என்றார். “பூனை” என்றாள் அம்மா. அது உண்மைதான்.


ஆகஸ்ட் 28, வியாழன்
சாயர்புரம், ஷெர்லி சித்தி வீடு

வலது கை நன்றாக இருக்கிறது. எழுத முடிகிறது. முதலில் அதை எழுத வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை அப்பா ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்தார். நேரே மாடிக்குப் போனார். பூனைகள் சிதறி ஓடுகிற சத்தம் கேட்டது. இறங்கி வரும்போது கையில் கிடார் இருந்தது. மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. பையன் இல்லை என்று புரிந்துவிட்டது. எனக்கும் ஒரு நொடி — விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மடச்சி.

சட்டையைக் கழற்றினார். ஜன்னல். தாழ். கீர்த்தனை.

பின்பக்கம் துவைகல்மேல் கிடாரைப் படுக்க வைத்தார். வண்டியிலிருந்து அரிவாளை எடுத்து வந்தார். “நான் என்ன சொன்னேன்? சொல்லு, என்ன சொன்னேன்?”

“தொட்ட கைய வெட்டுவேன்னு சொன்னீங்க.”

“வை.”

என் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கையைக் கிடார்மேல் விரித்துவைத்தார். மரம் வெயில் சூட்டில் வெதுவெதுவென்று இருந்தது. அவர் கை நடுங்கவே இல்லை. கீர்த்தனையைக் கூடவே முணுமுணுத்தார், அது அவருக்கே தெரியவில்லை. அரிவாள் மேலே போனது. அம்மா பின்னாலிருந்து என் சடையைப் பிடித்து இழுத்தாள். நான் மல்லாந்து விழுந்தேன்.

முதலில் வலிக்கவில்லை. சுண்டுவிரலைப் பார்த்தேன். நகம் இருந்த இடத்தில் நகம் இல்லை. பிறகுதான் ரத்தம் வந்தது, குழாயைத் திறந்த மாதிரி.

அப்பா அடுத்த வெட்டுக்கு அரிவாளை உருவினார். வரவில்லை. ஆணியை உரசிக்கொண்டு இறங்கி, குறுக்குப் பலகை இரண்டும் அதைக் கவ்விக்கொண்டன. பழைய கிடார் போலப் பிளந்திருந்தால் கையோடு வந்திருக்கும். இது விடவில்லை. உருவிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். கிடார்மேல் காலை வைத்து இரண்டு கையாலும் இழுத்தார். கம்பிகள் நங் நங் என்று அலறின. எண்ணெய்க் கட்டையில் கால் வழுக்கிக் கல்லில் முட்டி அடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. அப்பாவுக்கு மூச்சு வாங்குவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

பிறகு அம்மா உள்ளே போனாள். ஓடவில்லை, நடந்து போனாள். கீர்த்தனையை நிறுத்தினாள். தெரு ஜன்னலைத் திறந்தாள். முன்கதவு இரண்டு பக்கமும் சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது.

“சிவபாலன் அண்ணாச்சி. இங்கன வாங்க. எம் பிள்ள கைய வெட்டிட்டாரு.”

கத்தவில்லை. கடையில் பருப்பு கேட்கிற குரல்தான்.

அண்ணாச்சியும் கடையில் நின்ற நாலைந்து பேரும் வீட்டுக்குள் வழியாகவே பின்பக்கம் வந்துவிட்டார்கள். அப்பா ஒரு காலைக் கிடார்மேல் வைத்தபடி அவர்களைப் பார்த்துச் சிரித்தார். கோயிலில் சிரிக்கிற சிரிப்பு.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. விறகு வெட்டுதேன்.”

அண்ணாச்சி கிடாரைப் பார்த்தார், ரத்தத்தில் நனைந்த என் பாவாடையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் சுற்றினார். “சார், அந்தால தள்ளி நில்லுங்க” என்றார். அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா தள்ளி நின்றார்.

பெரியாஸ்பத்திரி. தையல். நுனி கிடைக்கவில்லை. பூனை — வேண்டாம், எழுத வேண்டாம்.

போலீஸ்காரம்மா கேட்டபோது அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். காதைச் சொன்னாள், அண்ணன் முழங்கையைச் சொன்னாள், கீர்த்தனையைச் சொன்னாள். அந்தம்மா எழுதிக்கொண்டே வந்தவர் கீர்த்தனை வந்ததும் பேனாவை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார்.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

சித்தியும் சித்தப்பாவும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை.

நேற்று கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்து, “அவரு ஜெயில்ல அழுதுகிட்டே இருக்காரும்மா, கேஸ வாபஸ் வாங்குனா சபைக்கும் நல்லது” என்றார்கள். அம்மா கேட்காத காதை அவர்கள் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் அப்பா ஜாமீன் கேட்டிருக்கிறாராம். கிடைத்துவிட்டால் இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கிடாரை போலீஸ் கொண்டுபோய்விட்டது. அரிவாளை அதிலிருந்து எடுக்க முடியவில்லையாம், ரெண்டையும் ஒன்றாகவே சீட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். கேஸ் முடிந்தால் தருவார்களாம். வெட்டு அப்படியே இருக்கட்டும், நான் அதை அடைக்கப் போவதில்லை. சுண்டுவிரல் இல்லாமலும் வாசிக்கலாம் என்று அண்ணன் போனில் சொன்னான். பொய்யாகவும் இருக்கலாம். இன்றைக்கு வாரேன் என்றான். நேற்றும் அப்படித்தான் சொன்னான்.

ராத்திரி எழுதியே பழகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் எழுத்து யாருடையதோ போல இருக்கிறது. அம்மா அடுப்படியில் ஏதோ பாடுகிறாள். கீர்த்தனை இல்லை, வார்த்தையே இல்லாமல்

வெளியே ஆட்டோ நிற்கிற சத்தம். அம்மா பாட்டை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது. அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

செருப்புச் சத்தம் வாசல்வரை வந்து நின்றுவிட்டது. உதைக்கவில்லை.

தட்டுகிறார்கள்.

ஒன்று. இரண்டு. கொஞ்சம் விட்டு